வெட்டாத காட்சி

ஒஸ்லோ தமிழ் விழாக்களில் சேந்தனுக்கு நல்ல பெயர். பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ கலியாணமோ, கூப்பிட்டால் கமராவோடு வந்து நிற்பான். கேட்டால் வீடியோவில் பூமழை பொழிய வைப்பான், அன்னப்பறவையும் பறக்க விடுவான். அது வயிற்றுப்பாடு. உயிரைக் கொடுத்து எடுக்கும் படங்கள் வேறு. அவற்றுக்கு அனுமதியும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஹவுகன்ஸ்டுவாப் பகுதி அடுக்குமாடி ஒன்றின் நிலக்கீழ் அறையில், மடக்குக் கதிரைகளைப் போட்டு ஓட்டிக் காட்டுவான்.

அன்று கடைசியாகப் படியிறங்கி வந்தவர் சிவமலர். தன் பக்கத்து வீட்டுக்காரர் என்று அவனுடைய நண்பன் நிருஜன்தான் அழைத்து வந்திருந்தான். சேந்தன் அவரை அங்கே எதிர்பார்க்கவில்லை.

அன்று ஓட்டவிருந்த படத்தின் உயிரே அவர்தான்; அது அவருக்குத் தெரியாது. போன வருடம் ஸ்டோவ்னரில் அவருடைய தங்கை மகளின் சாமத்திய வீடு. பிள்ளைக்கு ஆலாத்தி சுற்றத் தட்டை எடுக்கப் போனவரை, "அக்கா, நீங்கள் வேண்டாம்" என்று யாரோ தடுத்துவிட்டார்கள். புருசன் இல்லாதவர் தொட்டால் சடங்கு கெட்டுவிடுமாம்! இந்தப் பீடையையும் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் நம்மவர்கள் விமானம் ஏறியிருக்கிறார்கள். சிவமலர் சமையலறைக்குள் போய், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சேந்தன் கதவோரம் நின்று எடுத்தான். விழா வீடியோவில் அதை வெட்டினான். தன் படத்தில் முழுசாக வைத்தான்.

இப்போதுகூட அந்த இடத்தைத் தாண்டி ஓட்டிவிடலாம். விரல் விசை வரைக்கும் போனது. ஆனால் அதுதானே படம்! பாழாய்ப்போன ஆசை, விரலை எடுத்துக்கொண்டான்.

முடிந்ததும் ஒரே கைதட்டல். "என்ன பொறுமையடா உனக்கு! வெட்டாமல் எவ்வளவு நேரம் பிடிச்சிருக்கிறாய்!" என்று நிருஜன் கட்டிப்பிடித்தான்.

எல்லோரும் போனபின் சிவமலர் கிட்ட வந்தார். சேந்தனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. உங்களைக் கேட்டிருக்க வேணும். அந்த இடத்தை வெட்டிப்போடுறன்."

"வேண்டாம் தம்பி, இருக்கட்டும். சனம் பாக்கட்டும்." அவர் குளிர்ச்சட்டையின் பொத்தான்களைப் பூட்டினார். "அண்டைக்கு ஒருத்தரும் என்னைக் காணேல்லை எண்டுதான் நினைச்சிருந்தனான். அவ்வளவு நேரமும் நீர் அதிலையோ நிண்டனீர்?"

"ஓம்."

"கதவடி மேசையில, உம்மட கையெட்டிற தூரத்தில, தண்ணிப் போத்தில் இருந்தது. படத்திலயும் தெரியுது."

அவர் படியேறிப் போனார். அந்தப் போத்தில் காட்சியின் ஓரத்தில் அழகாக விழவேண்டும் என்பதற்காகவே அன்று சேந்தன் சற்று விலகி நின்றிருந்தான்.