லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர்

பெரம்பலூரில் உள்ள தனியார் கல்லூரி ஒன்றில் பேருந்து ஓட்டுநர் வேலைக்கு இளையபெருமாள் விண்ணப்பித்திருந்தார். அவ்வேலை கிடைத்தால் வருங்கால வைப்பு நிதி உண்டு. மகள் வினோதினி அங்கேயே பாதிக் கட்டணத்தில் படிக்கலாம். நேர்காணல் நன்றாகவே முடிந்தது. கல்லூரி மேலாளர் ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்: திங்கட்கிழமை காலையில், இளையபெருமாளின் இப்போதைய முதலாளியைத் தொலைபேசியில் அழைத்து அவரைப்பற்றி விசாரிப்பது.

அந்த முதலாளி மக்காச்சோள வியாபாரி நல்லுசாமி. அவருடைய சிறிய எஸ்யூவி வண்டியை இளையபெருமாள் மூன்றாண்டுகளாக ஓட்டிவந்தார்; கல்லூரி வேலைக்கு முயல்வதை அவரிடம் சொல்லியுமிருந்தார்.

நல்லுசாமி கருமியல்லர், ஆயினும் வண்டிச் செலவில் கண்டிப்பானவர். காப்பீட்டுத் தொகையையும் சர்வீஸ் கூலியையும் பிறர் நிர்ணயிக்கின்றனர். அவற்றைக் குறைக்க நம்மால் இயலாது. டயர்களோ, பொங்கலுக்கு வந்த மகன் அறிவழகன் தன் செலவில் மாற்றிக் கொடுத்தவை. ஆதலின் அவை கணக்கிலேயே வரவில்லை. கண்காணிக்கத் தக்கது டீசல் ஒன்றே என்பது அவர் கருத்து. சனிக்கிழமைதோறும் ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பச் செய்து, மீட்டர் காட்டிய தூரத்தை லிட்டரால் வகுப்பார். பதினெட்டு வரும். பொங்கலுக்குப் பின் அது பதினாறாகிவிட்டது.

மெக்கானிக் இருமுறை சோதித்துவிட்டு, வண்டியில் குறையே இல்லை என்றார். வண்டியில் இல்லாத குறை ஓட்டுபவரிடம் இருத்தல் வேண்டும் என்று நல்லுசாமி முடிவு செய்தார். வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. டீசலுக்குப் பணம் கொடுத்தனுப்புவதை நிறுத்திவிட்டு, தாமே பங்குக்கு வந்து நின்றார். தம்மைச் சந்தேகிக்கிறார் என்று இளையபெருமாளுக்கு விளங்க அதுவே போதுமானதாயிற்று.

அந்தச் சனிக்கிழமை பங்கில், அரிசி ஆலை வைத்திருக்கும் சாமிக்கண்ணு எதிர்ப்பட்டார்.

"என்ன நல்லுசாமி, இப்பவும் பதினாறுதானா? வண்டி குடிக்குதா, டிரைவர் குடிக்கிறானா?"

இளையபெருமாள் இரண்டடி தொலைவில்தான் நின்றிருந்தார். நல்லுசாமி டீசலுக்கான பணத்தை எண்ணிக் கொடுத்தார். மேலாளர் அழைத்தால், "வண்டி ஓட்டத் தெரியும், மத்தது எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுவதென அப்போதே தீர்மானித்தார்.

மறுநாள் மனைவி ஜெயலட்சுமியுடன் திருமழபாடிக் கோயிலுக்குப் புறப்பட்டார். அரியலூர்வரை சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக முன்னே சென்றன. ஒவ்வொன்றையும் இடம்பார்த்து முந்தினார் இளையபெருமாள். தேவையின்றி ஒருமுறைகூட பிரேக்கை மிதிக்கவில்லை. திருமானூரைக் கடந்து, கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினார். வழியெல்லாம் செல்போனில் வரைபடம் பார்த்துக்கொண்டு வந்த ஜெயலட்சுமி நிமிர்ந்தார்.

"ஏங்க, வூட்டுலேருந்து அறுபது கிலோமீட்டருன்னு போன்ல காட்டுது. வண்டியில அம்பத்தேழுதான் ஓடியிருக்கு. மிச்சம் மூணு எங்கங்க போச்சு? அதையும் பெருமாளு குடிச்சிட்டாரா?"

"போனு அதுபாட்டுக்கு எதையாச்சும் காட்டும்."

"இல்லைங்கய்யா," என்றார் இளையபெருமாள். "முந்தியெல்லாம் இங்க வந்தா மீட்டர்லயும் அறுபதுதான் வரும். பொங்கல் கழிச்சுத்தான் இப்படிக் காட்டுது."

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா, சாக்கு சொல்றான்னு நெனப்பீங்க. பங்க்ல நீங்க மீட்டரைச் சந்தேகமா பாக்கலீங்களே, என்னையதான பாத்தீங்க."

நல்லுசாமி கதவைத் திறந்து டயரைப் பார்த்தார். பொங்கலுக்கு வண்டியில் மாறியது ஒன்றே ஒன்றுதான். மகனைத் தொலைபேசியில் அழைத்தார். அறிவழகனின் குரல் வண்டி முழுவதும் கேட்டது.

"ஆமாப்பா, அது கம்பெனி சைஸைவிடப் பெரிய டயரு. வண்டி எடுப்பா இருக்கட்டும்னு போட்டேன். பெரிய சக்கரம் ஒரு சுத்துல அதிக தூரம் போயிரும். மீட்டருக்கு அது தெரியாது, பழைய சக்கரம்னு கம்மியாத்தான் எண்ணும். கனமும் ஜாஸ்தி, டீசலும் கொஞ்சம் கூடக் குடிக்கும்."

"இதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க விலையை மட்டுந்தானப்பா கேட்டீங்க. காசு வேணாம்னேன், பேசாம வாங்கிக்கிட்டீங்க."

ஜெயலட்சுமி வாய்விட்டுச் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

சந்நிதியில் நிற்கும்போதும் நல்லுசாமி வகுத்துக்கொண்டுதான் இருந்தார். உண்மையான தூரத்தைக் கொண்டால் பதினேழு வருகிறது. எஞ்சிய ஒன்றுக்கு மகனே பொறுப்பு. திருட்டு நிகழவேயில்லை. இது விளங்கிய கணத்திலேயே வேறோர் எண்ணம் அவருள் எழுந்தது: இத்தகைய மனிதரைக் கல்லூரிக்கு விட்டுக்கொடுப்பானேன்?

திரும்பும் வழியில் அரியலூரில் தேநீர் பருகுகையில் அதற்கு ஒரு விலையும் கூறிப் பார்த்தார்.

"பெருமாளு, அடுத்த மாசத்துலேருந்து ரெண்டாயிரம் சேத்துத் தரேன். காலேஜு பஸ்ஸுல என்ன இருக்கு? அம்பது பசங்க காதுக்குள்ள கத்துவானுங்க."

"கத்தட்டுங்கய்யா. அங்க டீசல் போடறது ஆபீஸ் வேலையாம். எவ்வளவு குடிச்சுதுன்னு என்னைக் கேக்கமாட்டாங்க."



திங்கட்கிழமை காலை மேலாளர் சொன்னபடியே அழைத்தார். அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சியை ஜெயலட்சுமி நிறுத்தினார்.

"வண்டி எப்படிங்க ஓட்டுவாரு?"

"நல்லா ஓட்டுவாருங்க. மூணு வருஷத்துல ஒரு கீறல் கெடையாது."

"ஆளு எப்படி? கை சுத்தமா?"

சனிக்கிழமை தீர்மானித்த சொற்கள் நல்லுசாமியின் நாவில் அப்படியே இருந்தன. அன்று சந்தேகம் அவற்றைச் சொல்லத் தூண்டியது. இன்று தேவை தூண்டிற்று. "மத்தது எனக்குத் தெரியாது" என்றால் போதும். இளையபெருமாள் அவரிடமே இருப்பார். அது பொய்யென்று மேலாளர் அறியப்போவதில்லை. அடுக்களையில் இன்னமும் ஓசை எழவில்லை.

"சுத்தமுங்க," என்றார். "ஒரு சொட்டு டீசல் குறையாது."

"அப்படிப்பட்ட ஆளை ஏங்க விடறீங்க?"

"நான் விடலீங்க," என்றார் நல்லுசாமி. "அவரு போறாரு."

முதல் தேதியில் பணிக்கு வரச் சொல்லுமாறு கூறிவிட்டு மேலாளர் இணைப்பைத் துண்டித்தார். இளையபெருமாளிடம் அதைச் சொல்வதற்காக நல்லுசாமி எழுந்து வெளியே சென்றார்.