பூச்சி அரிக்காத துணி

அருங்காட்சியகத்தில் பழந்துணிகளைப் பழுது பார்ப்பவளுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. இருநூறு வருடத்துத் தலைத்துணி ஒன்று அவள் மேசைக்கு வந்திருந்தது. ‘பெரிய வீட்டு மருமகள் அணிந்தது, பூச்சி அரித்தது’ என்றது அதில் தொங்கிய சீட்டு.

வெல்டிங் பட்டறையிலிருந்து மதியச் சாப்பாட்டோடு வந்த அக்காவை உள்ளே இழுத்துப்போய்க் காட்டினாள்.

“பூச்சியா? எவன்டி சொன்னான்?”

“மூணு நிபுணருங்க கையெழுத்துப் போட்டிருக்காங்கக்கா.”

“முப்பது பேர் போடட்டும். பூச்சி கடிச்சா ஓரம் கருகுமா?”

தங்கை பூதக்கண்ணாடியைப் பாய்ந்து எடுத்தாள். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மெல்லிய கருப்பு வளையம். எல்லாமே நெற்றிக்கு மேலே, இடப்பக்கம் மட்டும்.

“அப்போ இது யாரோடதுக்கா?”

அக்கா தன் தலையில் கட்டியிருந்த அழுக்குத்துணியை அவிழ்த்து மேசையில் விரித்தாள். வெளித்துணி எதுவும் அந்த மேசையைத் தொடக்கூடாது என்று ஊரையே விரட்டுகிற தங்கை, இப்போது பூதக்கண்ணாடியோடு அதன்மேல் குனிந்தாள்.

நெற்றிக்கு மேலே, இடப்பக்கம், அதே கருகிய ஓட்டைகள்.

“தலைய ஒருபக்கமா சாய்ச்சுத்தானே வேலை செய்வோம், பொறி அங்கதான் விழும்” என்றாள் அக்கா. “மருமகளாம் மருமகள்! இவ கொல்லுப்பட்டறைக்காரி, எங்க ஆளுடி!”