கத்தியைக் கழுவிய நாள்

ஏப்ரலில் பனி கரைந்து கிபோஷிச் செடிகள் மண்ணுக்குள்ளிருந்து மூக்கை நீட்டுகிற சமயத்தில் கயானோவிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இலை விரிவதற்குள் செடியைத் தோண்டி, வேரோடு பிளந்து, தொட்டி மாற்றியாக வேண்டும். ஜப்பானின் யாமகாதா மலையடிவாரத்தில் அவளும் புருஷன் யாசுஹேயும் மட்டும் நடத்துகிற சின்ன நாற்றுப் பண்ணை அது. வேலைக்கு வேறு ஆள் கிடையாது. வெளிநாட்டுக்காரர்கள் இந்தச் செடியை ஹோஸ்டா என்று கொண்டாடுகிறார்கள். இங்கேயோ அதில் ஒரு ஜாதியைக் குருத்திலேயே பறித்து மிசோ என்கிற சோயா விழுதில் புரட்டித் தின்றுவிடுவார்கள். கயானோ வளர்த்ததெல்லாம் இலையின் அழகுக்காக.

அந்த அழகிலும் பாருங்கள், கோடு விழுந்த இலை என்றால் இங்கே எல்லாருக்கும் பைத்தியம். வெறும் பச்சையில் ஒரு வெள்ளைக் கீற்று எட்டிப் பார்த்தால் போதும், பிள்ளை பிறந்த வீடு மாதிரி ஆள் மாற்றி ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் கயானோவின் பண்ணையிலும் அப்படி ஒன்று பிறந்தது. வெளிறிய இலை, நரம்பை ஒட்டிப் பச்சை மை கசிந்த மாதிரி ஒரு கோலம். விடியற்காலை மூடுபனி என்று அர்த்தம் வருகிற மாதிரி ‘அசாகிரி’ என்று பெயர் வைத்தாள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் வாய் ஓயாது.

அன்று காலை அந்த அசாகிரியைத்தான் பிளந்துகொண்டிருந்தாள். தொயோமியிடமிருந்து போன் வந்தது.

தொயோமி ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதி. அவள் புருஷன் ஷூசாகு போன அக்டோபரில் செத்துப் போனான். நகை நட்டு என்று எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. விதை போட்டு வளர்த்த ஒரே ஒரு கிபோஷியை விட்டுப் போனான். நீலச் சாம்பல் பூத்த, ஓரம் சுருண்ட இலை. உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாத செடி. பெயர்கூட வைக்கவில்லை அந்த மனுஷன்.

“எனக்குக் கை நடுங்குதுடி. நீ வந்து வெட்டிக் குடு” என்றாள் தொயோமி. “வர்ற அக்டோபர்ல அவருக்கு வருஷத் திதி வருதில்ல? வர்றவங்களுக்கு வழக்கம்போலத் துண்டு, சோப்புன்னு குடுக்காம இந்தச் செடியில ஆளுக்கொரு துண்டு குடுக்கலாம்னு இருக்கேன். ஒரு வீட்ல பட்டுப் போனாலும் இன்னொரு வீட்ல இருக்கும்ல?”

செடி வளர்க்கிறவர்களுக்கு இது பழக்கம்தான். அருமையான செடியை யாரும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சிநேகிதர்கள் வீட்டில் ஒரு துண்டை விட்டு வைப்பார்கள்.

கயானோ போட்டது போட்டபடி கிளம்பினாள். கத்தியைக் கழுவவில்லை. கால்சட்டையில் இப்படி ஒரு இழுப்பு, அப்படி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். தொயோமி கண்ணை மூடிக்கொண்டு நிற்க, ஷூசாகுவின் செடியை மூன்றாகப் பிளந்து நட்டுக் கொடுத்தாள். அக்டோபருக்குள் மூன்றும் பெருத்துவிடும், பிறகு வேண்டிய மட்டும் வெட்டிக்கொள்ளலாம் என்றாள். தொயோமி கண்ணைத் திறந்து, “முடிஞ்சுதா? அவருக்கு வலிச்சிருக்குமோ?” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஜூலையில் செடிக்காரர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. கயானோ நல்ல உடுப்பு உடுத்தி, அசாகிரியை மடியில் வைத்துக்கொண்டு போனாள். அங்கே ஹோஷிகாவா என்று ஒரு வியாபாரி. இலையைத் திருப்பிப் பார்த்தவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் ஓரமாகக் கூட்டிப் போனார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இது கோலம் இல்ல, வியாதி. வைரஸ். நாங்களே இந்த மாதிரிச் செடிய புது ரகம்னு நெனச்சுப் பேர் வெச்சு வித்திருக்கோம். அப்புறம்தான் தெரிஞ்சுது. சாறு பட்டா ஒட்டிக்கும். கத்தி வழியாப் பரவும்.”

ஹோஷிகாவா சோதனை அட்டைகள் இரண்டைக் கொடுத்தார். கர்ப்பம் பார்க்கிற அட்டை மாதிரி, இலையைக் கசக்கிச் சாற்றில் நனைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஒன்றை நனைத்தாள். இரண்டு கோடு. அப்போதுதான் ‘கத்தி வழியாப் பரவும்’ என்ற சொல் திரும்ப வந்தது. கால்சட்டையில் துடைத்தாளே அந்தக் கத்தி!

“தொயோமிகிட்ட இப்பவே போய்ச் சொல்லிடறேன்” என்றாள்.

“என்னன்னு சொல்லுவே?” என்றான் யாசுஹேய். கெட்டவன் இல்லை, பயந்தவன். “ஒட்டிச்சோ இல்லையோ யாருக்குத் தெரியும்? பண்ணையில வியாதின்னு ஒரு பேர் வந்தா நம்மகிட்ட எவன் வாங்குவான்? நம்ம செடிய எரிச்சிடலாம். அவ செடியப் பொறுத்திருந்து பாப்போம்.”

கயானோவும் பொறுத்திருந்தாள். புருஷன் சொன்னதால்தான் என்று பழியை அவன் தலையில் போட முடியாது. அவளுக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. அசாகிரியையும் அதன் பக்கத்தில் நின்றவற்றையும் எரித்தார்கள். தொயோமி கேட்டபோது, “எலி கடிச்சு எல்லாம் போச்சு” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தொயோமி முதுகைத் தடவிக் கொடுத்தாள். பாவி, கயானோ அந்த ஆறுதலையும் வாங்கிக்கொண்டாள்.

மிச்சம் இருந்த அட்டையை மேசை இழுப்பறையில் வைத்தாள். ஓடையைத் தாண்டிப் போய் ஓர் இலையைக் கிள்ளி நனைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சொல்லியாக வேண்டும். அதனால் இழுப்பறையைத் திறக்கவே இல்லை.

ஆகஸ்டில் ஓபோன் வந்தது. செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போகிற நாட்கள். ஷூசாகுவுக்கு அது முதல் ஓபோன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் கயானோ போனாள். தொயோமி தர்பூசணி வெட்டி வைத்து, “வந்ததும் மொதல்ல செடியத்தான் பாத்திருப்பாரு. அப்புறம்தான் என் மூஞ்சி” என்று சிரித்தாள். தொண்டை வரைக்கும் வந்ததைக் கயானோ தர்பூசணியோடு சேர்த்து விழுங்கினாள். செப்டம்பரில் ஆற்றங்கரையில் எல்லாரும் கூடிச் சேப்பங்கிழங்கு சூப் காய்ச்சிக் குடித்தார்கள். அன்றைக்கும் சொல்லவில்லை. கூட்டத்தில் சொல்கிற விஷயமா என்று தனக்குத் தானே ஒரு சாக்கு.

திதிக்கு முன்னால் செடிகளைத் துண்டு போடக் கூப்பிட்டாள் தொயோமி. போகாமல் இருக்க வழியில்லை. இந்தத் தடவை கயானோ மருந்துத் தண்ணீர், பழைய துணி, அடுப்பு, மூன்று கத்தி எல்லாம் கொண்டு போனாள். ஒரு வெட்டு, ஒரு முக்கு, நெருப்பில் ஒரு வாட்டு, மறுபடி வெட்டு. மூன்றில் ஒன்றாவது தப்பித்திருக்காதா என்று ஒரு நப்பாசை. வாயால் செய்ய வேண்டியதைக் கையால் செய்து சரிக்கட்டப் பார்த்தாள் மகராசி.

தொயோமி குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

“என்னடி இது, ஆஸ்பத்திரி ஆபரேஷனா? ஏப்ரல்ல கால்சட்டையில துடைச்சிட்டு வெட்டுனே!”

கயானோ கத்தியை மறுபடி நெருப்பில் வாட்டினாள். “திதிக்குக் குடுக்கறது இல்லையா, சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்” என்றாள்.

“உன்ன மாதிரி எவ செய்வா சொல்லு” என்றாள் தொயோமி. நிஜமாகவே கண் கலங்கிச் சொன்னாள். கயானோ அடுத்த கத்தியை எடுத்தாள். திதி அன்று பூசாரி மந்திரம் ஓதிவிட்டுப் போனபின், வந்தவர்கள் ஆளுக்கொரு தொட்டியை மார்போடு அணைத்து எடுத்துப் போனார்கள். மேட்டுத்தெரு மிட்சுவே தொட்டிக்குத் தன் கழுத்துத் துண்டையே சுற்றிக்கொண்டு போனாள். வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் சொன்னது யார்? கயானோதான்.

பிறகு பனி விழுந்தது. பனிக்கடியில் நல்ல செடி, கெட்ட செடி எல்லாம் ஒன்றுதான். யாசுஹேய் கூரையிலிருந்து பனியைத் தள்ளிக்கொண்டே, “பாத்தியா, ஒண்ணும் ஆகல” என்றான். இலையே இல்லாத மாசத்தில் என்ன ஆகும்? அவனை ஒரு பார்வை பார்த்தாள். மற்றபடி அந்தக் குளிர்காலத்தில் அவள் யாரிடமும் கோபப்படவில்லை. தனக்கு அந்த உரிமை இல்லை என்று நினைத்தாள்.

மறுபடி பனி கரைந்தது, மூக்குகள் நீண்டன. மே மாதம் இலைகள் விரிந்தன. ஒரு காலையில் தொயோமி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

“வாடி! வந்து பாரு! கோலம் விழுந்திருக்குடி!”

இழுத்துக்கொண்டு போனாள். தொயோமி தனக்கென்று வைத்துக்கொண்ட மூன்று செடியிலும், விரிந்த ஒவ்வொரு இலையிலும், நீலச் சாம்பலுக்கு நடுவே நரம்பை ஒட்டி மை கசிந்திருந்தது.

“அவர்தான் அனுப்பியிருக்காரு. பேரும் வெச்சுட்டேன். ‘ஒதொசுரே’, வருகை. எப்பிடி?” தொயோமிக்கு மூச்சு வாங்கியது. “உன் அசாகிரி எலி தின்னு போச்சேன்னு அழுதியே, இது அச்சு அசல் அதே மாதிரி இல்ல? இதுல பாதி உனக்குத்தான். மாட்டேன்னு சொல்லாதே!”

கயானோ ஈர மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“எலி திங்கலடி. நான்தான் எரிச்சேன். இது கோலம் இல்ல, தொயோமி. வியாதி. என் செடியில இருந்துது. ஏப்ரல்ல கத்தி கழுவாம வந்தேன் பாரு, அதுலதான்.”

தொயோமி இலையை விரலால் தடவியபடியே நின்றாள்.

“குணமாகுமா?”

“ஆகாது. பிடுங்கி எரிக்கணும்.”

“சரி. அவசரத்துல வந்தே. தெரியாமத்தானே” என்றாள் மெதுவாக. பிறகு திரும்பினாள். “உனக்கு எப்பத் தெரியும்?”

பொய் ஒன்று கயானோவின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினாள்.

“ஜூலையில.”

“ஜூலையில.” தொயோமியின் முகம் மெல்ல மெல்லச் செத்தது. “அப்ப அக்டோபர்ல, என் பக்கத்துல உக்காந்து, கத்திய அவ்வளவு கழுவினியே... எல்லாம் தெரிஞ்சேதானா? நான் உன்னப் புகழ்ந்தேனேடி!”

தொயோமி அடிக்க மாட்டாளா என்று கயானோவுக்கு இருந்தது. அவள் அடிக்கவில்லை. உள்ளே போய் மண்வெட்டியைக் கொண்டுவந்தாள். மூன்று செடியையும் தானே தோண்டினாள். கயானோ கை நீட்டியபோது, “தொடாதே” என்றாள், அவ்வளவுதான். குழியில் மிச்சம் இருந்த வேரைக்கூட விரலால் தேடித் தேடி எடுத்தாள்.

எல்லாவற்றையும் சாக்கில் கட்டிய பிறகு, “உன் வண்டிய எடு” என்றாள். “ஊரெல்லாம் குடுத்தோமே, எல்லார் வீட்டுக்கும் போகணும். நான் பேச மாட்டேன். நீதான் சொல்லணும். ஜூலையையும் சேத்துச் சொல்லணும்.”

முதல் வீடு மேட்டுத்தெரு மிட்சுவே வீடு. வண்டிச் சத்தம் கேட்டதுமே அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“நானே போன் பண்ணணும்னு இருந்தேன்! வாங்க வாங்க, செடியில கோலம் விழுந்திருக்கு! தொயோமி, உன் வீட்டுக்காரர் எனக்கே குடுத்துட்டாரு பாரு!”

தொயோமி வண்டியை விட்டு இறங்கவில்லை. கயானோ மட்டும் இறங்கிப் போய், மிட்சுவேக்கு முன்னால் தலையைத் தரைவரை தாழ்த்தினாள். திதி அன்று தாழ்த்தியதும் இதே தலைதான்.

“மிட்சுவே, அந்தச் செடிய நான் எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்” என்று ஆரம்பித்தாள்.