பச்சைப் பேசின்

சோப்பு என்றால் கட்டிதான் என்றிருந்த காலம் அது. பவுடர் என்றால் மூஞ்சியில் போடுவது. துணிக்குப் பவுடர் என்று நாங்கள் வேனில் போய்ச் சொன்னபோது முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள். சிரித்தவர்களை வாங்க வைப்பதற்குக் கம்பெனி எங்களுக்கு ஒரு வித்தையைச் சொல்லிக் கொடுத்திருந்தது.

வேனுக்கு இரண்டு பேர். பேசுவதற்கு மைக்கு அண்ணன், துவைத்துக் காட்டுவதற்கு நான். காலேஜைப் பாதியில் விட்டவன் என்பதால் அவருக்கு நான் 'காலேஜு'. அதற்கப்புறம் மில்லில் ராத்திரி ஷிப்டையும் பாதியில் விட்டதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்.

வித்தை இதுதான். தெருவில் காயும் துணிகளிலேயே வெளுப்பானதைக் கேட்டு வாங்க வேண்டும். அழுக்குத் துணி கூடாது. அழுக்கு வெளுத்தால் யாருக்கும் ஆச்சரியமில்லை. வெள்ளை என்று நம்பியது அழுக்காகத் தெரிந்தால்தான் வீட்டுக்காரி உள்ளே போய்க் காசு எடுத்து வருவாள். துணி முழுவதையும் சும்மா நனைப்பது போல ஒரு பேசினில் முக்குவேன். பிறகு பாதியை மட்டும் பவுடர் கரைத்த வாளியில் கசக்கி, அலசி, தூக்கிக் காட்டுவேன். பேசினின் உட்புறம் கரும்பச்சை பெயின்ட். அதிலிருக்கும் தண்ணீரில் டீ டிக்காஷன் கலந்திருப்பது வெளியே தெரியாது.

ஒரு நாள் நாங்கள் போன தெருவில், பள்ளிக்கூட டீச்சர் வீட்டுக் கொடியில் ஒரு தலையணை உறை தொங்கியது. கண் கூசும் வெள்ளை. கேட்டதும் கொடுத்துவிட்டார். வேனைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

பாதியைத் துவைத்துத் தூக்கிப் பிடித்தேன். ஒரு பாதி பால். மறு பாதி கிழவன் பல்.

"இதைத்தாம்மா இத்தனை நாளா வெள்ளைன்னு தலைக்கு வச்சுத் தூங்கினீங்க," என்றார் அண்ணன் மைக்கில். "இது வெள்ளைன்னா காக்காவும் கொக்குதான்."

ஒரே சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்காமல், ஓரத்தில் நின்ற ஒருத்தியைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை ஈரம்.

"என்ன இது?"

"ரெண்டு தண்ணியில அலசினேங்க டீச்சர்."

"அலசின லட்சணம்தான் தெரியுதே."

"நம்ம வீட்டுத் துணியும் இதே கதிதான் போல," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "சோப்புக் கட்டி மட்டும் வாரா வாரம் கரையுது. துணியில கரையுதா, இவ வீட்டுல கரையுதான்னு யார் கண்டா."

அந்தத் தெருவில் நாலு வீட்டுக்குத் துவைப்பவள் அவள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துணி யாருடையது என்று நாங்கள் கேட்போம். துவைத்தது யார் என்று கேட்டதே இல்லை. வீட்டுக்காரிதான் துவைத்திருப்பாள் என்று ஒரு நினைப்பு. அவளுடைய வெட்கம் ஒரு பொட்டலம் வாங்கினால் தீர்ந்துவிடும். இங்கே அது இன்னொருத்தியின் சோற்றுத் தட்டில் போய் விழுந்திருந்தது.

டீச்சர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சொன்னார். "நாளையிலிருந்து நீ வர வேண்டாம். நானே ஊற வச்சுக்கறேன்."

எதிர்வீட்டுக்காரியும் அதையே சொன்னாள். துவைப்பவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். தொலைந்தது சனியன் என்று நான் மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைச் சட்டையோடு திரும்பி வந்தாள்.

"தம்பி, இது என் பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போடுற சட்டை. நான் துவைச்சதுதான். இதையும் அதே மாதிரி செஞ்சு காட்டுங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா டீச்சரம்மா என்னை வேலைக்கு வச்சுக்கட்டும். இல்லேன்னா நான் வாயைத் திறக்கலை."

டீச்சர் கெட்டவர் இல்லை. "அதுவும் நியாயம்தான். செய்ங்க, பார்த்துடுவோம்," என்று வாசலிலேயே நின்றார்.

தெருக்குழாய் நாலு எட்டில் இருந்தது. பேசினைத் தூக்கினேன்.

"தண்ணி கலங்கிடுச்சு அண்ணே. மாத்திட்டு வந்துடறேன்."

"நல்லாத்தான் இருக்கு. வை, காலேஜு."

அண்ணன் மைக்கை அணைக்கவில்லை. தெரு முழுக்கக் கேட்டது. குரலில் கோபம்கூட இல்லை. பேசின் கையில் கனத்தது. கைதவறிக் கொட்டியிருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. இந்த வேலையும் போனால் வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று யோசித்தேன். அதை மட்டும்தான் யோசித்தேன். பேசினைக் கீழே வைத்தேன்.

சட்டையை முக்கினேன். வலப்பாதியை மட்டும் கசக்கினேன். வழக்கத்தைவிட நன்றாகவே வந்தது.

அவள் சட்டையை வாங்கி, பழுத்த பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். ஒரு தரம் முகர்ந்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். அவளுக்கு அது தோன்றவில்லை. தன் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"என் கை அவ்வளவுதான் போல," என்றாள். பிறகு டீச்சரிடம், "மன்னிச்சுக்கங்க. இத்தனை நாளா தெரியாம துவைச்சுட்டேன்."

"சரி விடு," என்று டீச்சர் கதவைச் சாத்தினார்.

கூட்டம் கலைந்தது. அண்ணன் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். இலவசமாகக் கொடுக்கும் சின்னப் பொட்டலம் ஒன்றை அவளிடம் நீட்டினேன். அதையும் கம்பெனிதான் கொடுக்கச் சொல்லியிருந்தது. என் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. இதை எப்படிப் போடணும்னு சொல்லுங்க தம்பி. பழகிட்டேன்னா நாலு நாள் கழிச்சு இன்னொரு தரம் கேட்டுப் பார்ப்பேன்."

அவள் முகத்தைப் பார்க்காமல், பொட்டலத்தின் பின்புறம் அச்சடித்திருந்ததை ஒப்பித்தேன். வாளிக்கு இரண்டு கரண்டி. அரை மணி நேரம் ஊற வேண்டும். அவள் மறக்காமலிருக்க அதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே, ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.