பதிமூன்று ரெஜிஸ்டர்

அல்மாட்டியில் நிலநடுக்க எச்சரிக்கைப் பெட்டி செய்யும் அலுவலகம் அது. மனிதர் எழுதும் நிரலைப் பெட்டியின் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலரை ஆறு வருடமாகக் கவனித்து வளர்த்து வருபவள் ஷோல்பான். ஒவ்வொரு அதிர்வையும் பத்து மில்லிசெகண்டுக்குள் பெட்டி அலசியாக வேண்டும். இப்போதோ பதினைந்து ஆனது. அன்று மூன்று மணிக்குள் குறையாவிட்டால் வெளியிலிருந்து வேறு கம்பைலர் வாங்குவதாகத் தலைவர் ஒராஸ்பெக் சொல்லிவிட்டார். எல்லாரும் மரியாதையாக 'ஒரெக்கே' என்றழைக்கும் மனிதர். பிடித்தால் பிடித்த பிடிதான்.

கோளாறு எங்கே என்று ஷோல்பானுக்குத் தெரியும். கணக்கிடும் மதிப்புகளைச் சிப்பு கையருகே வைத்துக்கொள்ள இருந்த இடங்கள் பதிமூன்றே ரெஜிஸ்டர்கள். அதற்கு மேல் ஒரு மதிப்பு வந்தால் ஏதாவது ஒன்றை நினைவகத்துக்கு விரட்ட வேண்டும். திரும்ப எடுத்து வருவதற்குள் நேரம் ஓடிவிடும். அதிர்வை அலசும் சுழற்சியிலோ இருபத்தொரு மதிப்புகள் இடத்துக்கு அடித்துக்கொண்டன. ஒருமுறை கணக்கிட்டதை மறுமுறை கணக்கிடக் கூடாது என்று கம்பைலரில் ஒரு படி இருந்தது. சாதாரணக் கூட்டலின் விடைகூடக் கடைசிவரை இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த மாதிரி அற்ப விடைகளைத் தூக்கி எறிந்துவிட்டு, தேவைப்படும் இடத்தில் மறுபடி கூட்டிக்கொள்ளும்படி அவள் மாற்றினாள்.

தேநீர் மேசையில் ஒரெக்கே புதிய கட்டளைப் பட்டியலைப் புரட்டினார்.

"கட்டளை முப்பது கூடியிருக்கு. கூடினா மெதுவாகும்னு பச்சைக் குழந்தைக்கும் தெரியும்."

"கட்டளைய எண்ணாதீங்க ஒரெக்கே. நேரத்த எண்ணுங்க."

"ஓட்டிப் பாக்கவே வேணாம்."

சொல்லிவிட்டு அவள் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினார், விளிம்பு தளும்ப. அந்த ஊர் வழக்கத்தில் விருந்தாளிக்கு அரைக் கிண்ணம் ஊற்றினால் இன்னும் இரு என்று அர்த்தம். முழுக் கிண்ணம் என்றால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். மேசையில் இருந்தவர்கள் ரொட்டியை மெல்வதை நிறுத்திவிட்டார்கள். ஷோல்பானுக்கு அவமானத்தில் காது சுட்டது. அடுத்த நொடி கோபம் வந்தது. நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று ஒரே மூச்சில் குடித்தாள்.

"நல்லாருக்கு. இன்னொரு கிண்ணம் ஊத்துங்க. நான் எங்கயும் போகல."

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். அவள் பெட்டியை இழுத்துத் தன் மாற்றத்தை ஏற்றி ஓட்டினாள். ஒன்பது. மறுபடியும் ஓட்டினாள். ஒன்பது மில்லிசெகண்டுதான்.

ஒரெக்கே திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இறங்கியிருந்தது.

"அந்தப் படிய எழுதினது நான்."

"தெரியும். அதனாலதான் பதினோரு வருஷமா யாரும் அதுல கை வைக்கல."

"இப்ப?"

"உங்களோடத எடுத்துட்டு என்னோடத வைக்கிறேன், என் பேரப் போட்டே. தடுக்கணும்னா இப்பவே தடுங்க."

எல்லார் பார்வையும் அவர் மேல். அவர் அவளுடைய காலிக் கிண்ணத்தை எடுத்து, அரைக் கிண்ணம் மட்டும் ஊற்றி வைத்தார். அவள் அவருடைய படியை அழித்தாள்.