எங்கிருந்து ஆறு

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. ஒரு கோடு போட்ட நோட்டில் நான் எழுதாமல் விட்ட ஒரே ஒரு சொல்லிலிருந்து வந்தது. எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு திரிபவன் நான். நான் ஒரு சொல்லை விட்டதில் என் தங்கையின் பதினோரு வருஷ உழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தரத்தில் தொங்கியது. அதை மறைத்து இதே கதையை எழுதிப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

தலைப்பைப் பார்த்து நதியைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். இதில் தண்ணீர் கிடையாது, ஆயில்தான். ஆறு என்பது இங்கே ஐந்துக்கு அடுத்தது. [ஆறிப்போன டீ ஒன்றும் வரும். தலைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.]

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இது பெருமையடிக்கும் கதை. தங்கையைப் பற்றி அண்ணன் எழுதினால் வேறெப்படி இருக்கும்? நடுநிலைமை வேண்டுமென்றால் தராசு விற்கிற கடைக்குப் போங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வளைவில் திரும்பிய அந்தச் சிவப்புக் கார், சீறிவரும் புலியைப் போல—"

தங்கை படித்துவிட்டு, "கார் வெள்ளைண்ணா," என்றாள்.

அடித்துவிட்டு மறுபடி:

"விலைக்கும் தரத்துக்கும் இடையே மனிதகுலம் நெடுங்காலமாக—"

"மனிதகுலத்தை எதுக்கு இழுக்கிறே? ஷாக்கைப் பத்திச் சொல்லு."

சரி, ஷாக். என் தங்கை கார்களின் ஷாக் அப்சார்பர்களைப் பிரித்துப் பழுதுபார்த்துப் பூட்டித் தருபவள். பட்டறை அவளுடையது. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், அது குதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குதியாட்டத்தை அடக்குவது ஷாக். உள்ளே இருக்கும் ஆயில் சின்னத் துளைகள் வழியே இடித்துப் பிடித்துக்கொண்டு போகும்போது ஆட்டம் அடங்கும். பந்தயம் ஓட்டுபவர்களுக்கான ஷாக்கின் தலையில் ஒரு குமிழ் உண்டு. ஒரு பக்கம் திருகினால் வண்டி இறுகும், மறுபக்கம் திருகினால் தளரும். பட்டறையில் ஹார்டு, சாஃப்ட் என்பார்கள். திருகும்போது ஒவ்வொரு படிக்கும் 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இவ்வளவு தெரிந்தால் கதைக்குப் போதும்.*

* "இதுவே பாதி தப்பு" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். எந்தப் பாதி என்று எழுதவில்லை.

பதினோரு வருஷம் அடுத்தவர் செய்த ஷாக்குகளைப் பிரித்துப் பார்த்தவளுக்கு, எது எங்கே முதலில் கெடும் என்பது மனப்பாடம். அந்த இடங்களையெல்லாம் சரிசெய்து அவளே ஒன்றைச் செய்தாள். பன்னிரண்டு கிளிக். பன்னிரண்டும் வேலை செய்யும். ஷாக்கின் உள்ளே ஏறி இறங்கும் தண்டுகளில் மெருகு போதவில்லை என்று பத்துக்கு நாலை ஒதுக்கினாள். ஒதுக்கியதில் என் முகம் தெரிந்தது, மீசை நரை உட்பட. அவளுக்கு அது போதவில்லை. பூட்டிய ஒவ்வொன்றையும் சோதனை மெஷினில் ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். இதற்கெல்லாம் விலை உண்டல்லவா? கடையில் கிடைப்பதைப் போல மூன்று மடங்கு வந்து நின்றது.

3

இங்கே ஒரு வில்லன் வேண்டும் என்று நினைத்து, அவள் ஷாக்கைப் பார்க்க வந்த மொத்த வியாபாரிக்கு நாலு மோதிரமும் முறுக்கு மீசையும் கொடுத்தேன்.

"அவருக்கு மீசையே கிடையாதுண்ணா. நல்ல மனுஷன். அவர் கேட்டதுல என்ன தப்பு?"

தப்பில்லைதான். மோதிரங்களைக் கழற்றிவிட்டேன். அவருக்குப் பதினெட்டுக் கடைகள். ஒரு நாள் பட்டறைக்கு வந்து, தன் கடைகளில் விற்கும் ஒரு ஷாக் செட்டை மேஜையில் வைத்தார். தங்கை செய்த செட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"மேடம், உங்களோடதுல பன்னெண்டு கிளிக். இதுல முப்பத்திரண்டு. விலை மூணுல ஒரு பங்கு. கவுண்டர்ல நிக்கிறவர் கஸ்டமர்கிட்ட என்னன்னு சொல்லுவார்?"

"அந்த முப்பத்திரண்டுல ஹார்டு பக்கம் இருக்கிற எட்டுதான் சார் வேலை செய்யுது. மத்ததெல்லாம் வெறும் சத்தம்."

"சத்தத்துக்கும் காசு குடுக்கிறவங்க இருக்காங்களே மேடம்."

தங்கை சிரித்துவிட்டாள். பிறகு அவள் சொன்னதை நான் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. "ஆபீசுக்கும் கடைக்கும் போய்வர்றவருக்கு உங்க செட்டே தாராளம். அவர் தலையில என்னோடதைக் கட்டாதீங்க. ஞாயித்துக்கிழமை ஆனா ரேஸுக்குப் போறாரே, அவருக்கு மட்டும் இதைக் காட்டுங்க."

தன் பொருளை யாருக்கு விற்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி விற்க வருகிறாள்! எனக்கு அங்கேயே எழுந்து கைதட்டத் தோன்றியது. வியாபாரி மட்டும் யோசித்தார். ஒரே கார், ஒரே ஓட்டுநர், இரண்டு செட், தலா மூன்று சுற்று என்று முடிவாயிற்று. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் அவள் பெயர் போட்ட செட் பதினெட்டுக் கடைக்கும் போகும். தெரியாவிட்டால் அவள் பழையபடி அடுத்தவர் ஷாக்கைப் பிரிக்கப் போகலாம்.

4

ஓட்டியது தங்கையின் கணவர். வாரத்தில் ஐந்து நாள் கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட். [வகுப்பில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லையாம். காரில் நான் கேட்டிருக்கிறேன்.]

முந்தின வாரமே மாப்பிள்ளை இரண்டு செட்டையும் பூட்டி ஓட்டி, எதற்கு எத்தனை கிளிக் பொருத்தம் என்று பார்த்துவைத்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டவன் நான். எனக்குக் கையெழுத்து அழகு என்று அந்தப் பொறுப்பு. தங்கையின் செட்டுக்கு 4. வியாபாரியின் செட்டுக்கு 6. அழகாகத்தான் எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ரேஸ் டிராக்கில் தங்கையின் செட் முதலில் ஓடியது. மூன்றில் நல்ல சுற்று ஒரு நிமிடம் முப்பத்தொரு விநாடி. பிறகு நாலு சக்கரத்தையும் கழற்றி மற்ற செட்டைப் பூட்ட ஒன்றரை மணி நேரம். வியாபாரியின் டீ ஆறிப்போனது. தங்கை நோட்டைப் பார்த்து, நாலு குமிழையும் ஆறு கிளிக் வைத்தாள். கார் கிளம்பியது. காங்கிரீட் பெயர்ந்த வளைவில் வெள்ளைக் கார் தவளை மாதிரி குதித்ததை எல்லோரும் பார்த்தோம். ஒரு நிமிடம் முப்பத்தைந்து.

"நாலு செகண்டு!" என்றார் வியாபாரி. "ஒத்துக்கிறேன் மேடம்." கையை நீட்டினார்.

என் தலைக்குள் கடைசி வாக்கியம்கூடத் தயாராகிவிட்டது: "வென்றது தரம், தோற்றது—"

5

மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். "போன வாரம் இது இப்படிக் குதிக்கலையே," என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

கை கொடுக்கப் போன தங்கை அப்படியே நின்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, ஆறுன்னா எங்கிருந்து ஆறு?"

விளக்கிவிடுகிறேன். எங்கள் பட்டறையில் குமிழை ஹார்டு முனைவரை திருகி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். வியாபாரியின் செட்டோடு வந்த தாளில் சாஃப்ட் முனையிலிருந்து எண்ணச் சொல்லியிருந்தது. மாப்பிள்ளை தாளில் இருந்தபடி வைத்து ஓட்டி, "சாஃப்ட்ல இருந்து ஆறு, மச்சான்" என்று தெளிவாகச் சொன்னார். நான் எண்ணை மட்டும் எழுதினேன். தங்கை வழக்கம்போல ஹார்டிலிருந்து எண்ணினாள். முப்பத்திரண்டில் வேலை செய்வது எட்டுதான் என்றாளே, என் ஆறு நேராகப் போய் அந்த எட்டுக்குள் விழுந்துவிட்டது. பாவம், அந்த ஷாக் கை கால் கட்டப்பட்டு ஓடியிருக்கிறது.

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன்?

[முதல் வடிவம்: நான் நிமிர்ந்து நின்று, "தவறு என்னுடையது!" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். — தங்கையின் பென்சில்: "எப்போ?"]

[இரண்டாம் வடிவம்: என் கண்கள் கலங்கின, நோட்டு கையிலிருந்து நழுவி— பென்சில்: "நோட்டை இறுக்கிப் பிடிச்சிருந்தே."]

நடந்தது இதுதான். நான் நோட்டையே ரொம்ப நேரம் பார்த்தேன். அந்த ரொம்ப நேரத்தில், இது வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை என்று கணக்குப் போட்டேன். பிறகு மெதுவாக, "எழுதலை," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "விட்டுடேன், அவர்தான் ஒத்துக்கிட்டாரே," என்றும் சொன்னேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.

தங்கை கோபப்படவில்லை. "அதையும் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து பூட்டியிருக்காங்கண்ணா," என்றாள்.

நேராக வியாபாரியிடம் போனாள். "சார், கையைக் கீழே இறக்குங்க. உங்க செட்டை நான் தப்பா வச்சுட்டேன். மறுபடி ஓட்டணும்." அண்ணன் எழுதாமல் விட்டான் என்று ஒரு வார்த்தை இல்லை. 'நான்' என்றாள். குமிழ்களைத் தானே திருகி, வாய்விட்டு எண்ணி, சரியான ஆறுக்குக் கொண்டுவந்தாள்.

நான் பெருமைப்பட்ட தருணங்களை வரிசைப்படுத்தினால் என் முதல் புத்தகம் வந்த நாள் இதற்குப் பிறகுதான் வரும். வெட்கமும் பெருமையும் ஒரே நேரத்தில் ஒரு ஆளுக்கு வரும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

மறுபடி ஓடியது. தங்கையின் செட்டுக்கும் அதற்கும் அரை விநாடிகூட வித்தியாசமில்லை.

வியாபாரி வாட்சைப் பார்த்தார். "மேடம், நீங்க மட்டும் பேசாம இருந்திருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். பிறகு, "அரை செகண்டுக்கு மூணு மடங்கு விலையா?" என்றார். நியாயமான கேள்விதான்.

6

"மூணு சுத்துல தெரியாது சார். ஆயில் நல்லாச் சூடேறி இளகணும், அப்பத்தான் எது பிடி விடுதுன்னு தெரியும்," என்றாள் தங்கை. "இதே செட்டுல பதினஞ்சு சுத்து. அப்புறம் மாத்திப் பூட்டி என்னோடதுல பதினஞ்சு. வெளியே நின்னு வாட்சைப் பாக்காதீங்க. அவர் பக்கத்துல உட்காருங்க. கடைசிச் சுத்துல எது முதல் சுத்து மாதிரியே இருக்குன்னு உங்க முதுகு சொல்லும்."

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா வாங்காதீங்க. அப்புறம் எதுக்கு அந்த விலை?"

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் பதினெட்டுக் கடைக்கும் வாங்குகிறார். ஒன்றில் வாங்காமல் போகிறார். மூன்றாவதில் மழை வருகிறது [வேறு வழி தெரியாதபோது நான் மழையைக் கூப்பிடுவேன்]. மூன்றையும் தங்கை அடித்துவிட்டாள்.

"வாங்கினார்னு எழுதினா, உண்மையைச் சொன்னதுக்குக் கூலி கிடைச்ச மாதிரி ஆயிடும். வாங்கலைன்னு எழுதினா, படிக்கிறவங்க ஐயோ பாவம்பாங்க. எனக்கு ரெண்டும் வேணாம்ணா."

"நடந்ததை எழுதலாமில்ல?"

"நடந்தது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். போதாதா?"

ஆகவே முடிவு கிடையாது. பன்னிரண்டு பகுதிகள் திட்டமிட்டிருந்தேன், ஆறோடு நிறுத்துகிறேன். அவள் செய்த குமிழில் ஆறாவது கிளிக் மட்டும்தான் எந்த முனையிலிருந்து எண்ணினாலும் ஒரே இடத்தில் வரும். மாப்பிள்ளை சரிபார்த்துச் சொன்னார்.

ஒன்றை மட்டும் எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன். வியாபாரி போனை எடுத்து, "மத்தியானம் வர முடியாது, நீங்களே பாத்துக்கோங்க" என்று யாரிடமோ சொன்னார். இரண்டாவது ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டார், பட்டை தாடையில் சிக்கியது. மாப்பிள்ளை அதைச் சரிசெய்துவிட்டார். இருவரும் காரில் ஏறினார்கள்.

தங்கை நோட்டை எடுத்தாள். கணக்கு வாத்தியார்தான் காரில் இருக்கிறாரே, இனி அவளே எழுதிக்கொள்வாள் என்று நினைத்து நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் நோட்டை என்னிடம்தான் நீட்டினாள்.

"எழுதுண்ணா. உன் கையெழுத்துதான் நல்லாயிருக்கும்."

6 என்று எழுதினேன். பேனாவை எடுக்காமல் பக்கத்திலேயே 'சாஃப்ட்டிலிருந்து' என்றும் எழுதினேன். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இதுவரை நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான்.

அதோ, வெள்ளைக் கார் பெயர்ந்த வளைவைத் தாண்டி வருகிறது. முதல் சுற்று. இந்தாருங்கள் வாட்ச், இந்தாருங்கள் நோட்டு. முப்பது சுற்று இருக்கிறது, நீங்கள் எழுதுங்கள். எங்கிருந்து எண்ணினீர்கள் என்பதை மட்டும் மறக்காமல் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.