ஒருவருக்கும் இல்லாத பெயர்

உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, சுபாஜினி வழக்கம் போலப் போனை எடுத்து அந்தப் பெயரைத் தேடினாள். துலஜினி. ஒன்றும் வராது என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் வராமல் இருப்பதைப் பார்க்கத்தான் அவள் ஒவ்வொரு நாளும் தேடுகிறவள். உலகத்தில் இத்தனை கோடிச் சனம் இருந்தும் இந்தப் பெயர் இன்னும் என்ரை பிள்ளைக்கு மட்டும்தான் என்று அந்த வெறும் திரையைப் பார்த்து ஒரு சின்ன ஆறுதல். அன்றைக்கு வந்தது. அதுவும் எங்கிருந்து? அவளுடைய சொந்த இணையத்தளத்திலிருந்து. 'விசாக நட்சத்திரம், இரண்டாம் பாதம், து எழுத்துப் பெண் குழந்தைப் பெயர்கள்' என்ற தலைப்பின் கீழே, துர்க்கிகாவுக்கும் துவிசாவுக்கும் நடுவில். உலை பொங்கி வழிந்து காஸ் அடுப்பு அணைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அந்தத் தளத்தின் கதையைச் சொன்னால்தான் அடுப்பு அணைந்தது ஏன் அவளுக்குத் தெரியவில்லை என்று விளங்கும். அவளுடைய புருசன் லக்ஷன் சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறவன். ஆள் சும்மா இருக்கமாட்டான். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் யூரியூப்தான். அதில் ஒருவன் "நீஷ், நீஷ்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். வேறொன்றுமில்லை, சனம் தேடுகிற, ஆனால் ஒருவரும் ஒழுங்காக எழுதாத ஒரு விஷயத்தைப் பிடிக்க வேண்டுமாம். அதைப் பிடித்து ஒரு தளம் தொடங்கினால் விளம்பரக்காரன் வீடு தேடி வருவானாம். முதல் தளத்துக்கே நீஷ் பிழையாகப் போனால் எல்லாம் பிழையாம். லக்ஷனும் மண்டையைப் போட்டு உடைத்தான். சமையலைப் பார்த்தான், ஒடியல் கூழ் காய்ச்சத் தெரிந்த அத்தனை பேரும் ஏற்கெனவே வீடியோ போட்டுக்கொண்டிருந்தார்கள். கனடா விசாவைப் பார்த்தான், அதில் பொய் சொல்லாமல் நாலு வரி எழுத ஏலாது. மரண அறிவித்தல் காசு கொழிக்கிற இடம்தான். ஆனால் அது பெரிய ஆக்களின் கையில் இருக்கிறது. அதோடு சுபாஜினி அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். "செத்தவீட்டுக் காசு எங்களுக்கு வேண்டாமப்பா" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

பிள்ளை மாதம் நிறைய முன்னமே பிறந்து, பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. லக்ஷனின் தகப்பன் கனகரத்தினம், சாதகம் கணிக்கிற சாத்திரியாரிடம் ஓடிப்போய், எழுத்து 'து' என்று கேட்டுக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் பெயர் வைப்பது லேசுப்பட்ட காரியமா? எழுத்துச் சரிவர வேண்டும். எண் கூட்டினால் சரிவர வேண்டும். தாய் தகப்பன் பெயரில் ஒவ்வொரு துண்டு விழவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பெயர் ஊருலகத்தில் இன்னொருவருக்கும் இருக்கக்கூடாது. அர்த்தமா? அது கிடக்கட்டும், ஆர் கேட்டது! வார்ட்டுக்கு வெளியே மர வாங்கிலில் குந்தியிருந்து இரண்டு பேரும் போனில் தேடினார்கள். வந்ததெல்லாம் இந்தியத் தளங்கள், இந்தியப் பெயர்கள். ஒன்றும் மனதுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் எழுத்தின் து, லக்ஷனின் ல, சுபாஜினியின் ஜினி. சேர்த்துச் சொல்லிப் பார்த்தபோது சுபாஜினிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. லக்ஷன் தேடிப் பார்த்துவிட்டு வாங்கிலால் எழும்பிவிட்டான்.

"ஒண்டுமே வரேல்லை சுபா! உலகத்திலை ஒருத்தருக்கும் இல்லாத பேர்!" என்றவன், அடுத்த மூச்சிலேயே, "இஞ்சை பார், இதுதானே நீஷ்! எங்கடை சனம் எல்லாம் லண்டனிலையும் சுவிசிலையும் இருந்து உப்பிடித்தானே தேடுதுகள்" என்றான். தீவிரச் சிகிச்சை வார்ட்டு வாசலில் நின்று அவன் சிரித்த சிரிப்புக்கு நேர்ஸ் வந்து ஏசிவிட்டுப் போனாள்.

பிறந்த முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, புதுச்சட்டை போட்டு, காதுக்குள் பெயர் சொல்லுகிற நாளை அந்தப் பிள்ளை காணவில்லை. ஆஸ்பத்திரித் துண்டில் 'சுபாஜினியின் பெண் குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் வைக்காத பிள்ளைக்கு எட்டாம் நாள் சடங்கும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. கொண்டுபோய் மண்ணுக்குள் தாட்டுவிட்டு வந்து குளித்ததோடு சரி. துக்கம் விசாரிக்க வந்த சனமும், "பேர் வைக்க முந்திப் போனது நல்லதெண்டு நினை பிள்ளை. பேர் வைச்சுப்போட்டால் மறக்கேலாது" என்று ஆறுதல் சொன்னது. அந்தப் பெயரை இரண்டு பேரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. லக்ஷனின் தாய், மாமி ஞானாம்பிகைக்குக்கூடத் தெரியாது.

சில மாதம் போன பிறகு, "அந்தத் தளத்தைத் தொடங்கட்டோ?" என்று லக்ஷன் பயந்து பயந்து கேட்டான். எதற்கும் ஓம் சொல்லிக்கொண்டிருந்த காலம், அதற்கும் ஓம் என்றாள். ஆனால் பெயர் கட்டுகிற வேலையை அவள்தான் செய்தாள், தளத்தில் ஏற்றுவது மட்டும் அவன். எழுத்துகளைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டுவதில் அவளுக்கு ஒரு கைராசி இருந்தது. வெளிநாட்டுத் தாய்மார் தளத்திலிருந்த நம்பருக்கு எடுத்துக் கேட்டார்கள், அவளும் பொறுமையாகச் சொன்னாள். அவர்கள் இருக்கிற புத்தூரில் அதற்கும் ஒரு கதை கட்டினார்கள், பிள்ளை இல்லாத வீட்டிலை பிள்ளைப் பேர் வித்துக் காசாக்கினம் என்று. அவள் கேட்டும் கேளாத மாதிரி இருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இப்போது லக்ஷன் கிணற்றடியிலிருந்து துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். அவள் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏன் போட்டனீங்கள்?"

"து எழுத்திலை பேர் குறைவெண்டு..." என்று தொடங்கினான். அந்தப் பொய்யை அவனால் முடிக்க முடியவில்லை. "ஒரு இடத்திலையும் இல்லை சுபா. ஆஸ்பத்திரித் துண்டிலையும் இல்லை, தாட்ட இடத்திலையும் ஒரு கல்லுமில்லை. உலகத்திலை ஒரு மூலையிலையாவது எழுதிக் கிடக்கட்டும் எண்டுதான்."

"எழுதினால் ஆரும் எடுப்பினம்."

அவன் போனை வாங்கக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை.

"அவவுக்கெண்டு வேறை என்ன இருக்கு? போட்டிருந்ததும் ஆரோ குடுத்த பழஞ்சட்டை. அந்தப் பேர் ஒண்டுதான் அவவின்ரை. அதையும் கொண்டுபோய்ச் சந்தையிலை வைச்சிட்டியளே!"

அவன் துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. அழிக்கிற பாஸ்வேர்ட் கடைக் கொம்பியூட்டரில் இருக்கிறது, போனவுடன் அழித்துவிடுகிறேன் என்று துவாய்க்குள்ளிருந்தே சொன்னான். சாப்பிடாமலே மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் போன பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. தான் ஒருத்திதான் அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிவதாக அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். பாவி மனுசன், அவனும்தான் தூக்கித் திரிந்திருக்கிறான். அவள் ஒளித்து வைத்தாள், அவன் எழுதி வைத்தான். கோபம் போகவில்லை, ஆனால் அவன் மத்தியானம் வந்து சாப்பிட அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தாள்.

மத்தியானம் போன் அடித்தது. சுவிஸ் நம்பர்.

"பேர் வெப்சைட்தானே? நான் றொசாந்தி கதைக்கிறன். நாளைக்கு எங்கடை பிள்ளைக்குத் துடக்குக் கழிவு. அவ விசாகம், ரெண்டாம் பாதம். உங்கடை லிஸ்ட்டிலை துலஜினி எண்டு ஒரு பேர் பாத்தம். ஐயோ, எனக்கும் இவருக்கும் நல்லாப் பிடிச்சுப்போச்சு. அதைத்தான் வைக்கப்போறம்."

அது பிழையாக வந்துவிட்டது, வேறு பெயர் சொல்கிறேன் என்ற சொல் சுபாஜினியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஒரேயொரு விஷயம் தங்கச்சி. எங்கடை மாமி பழைய ஆள். ராசியான பேரோ எண்டு விசாரிக்கட்டாம். உந்தப் பேரிலை உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளையள் ஆரும் இருக்கினமோ? இருந்தால், சுகமா இருக்கினமோ?"

ஒரு சொல் போதும். இருந்தது, செத்துப்போச்சு என்றால் அந்த மாமி அந்தப் பெயரைத் திரும்பியும் பார்க்கமாட்டா. பெயர் தளத்திலிருந்தும் அழிந்துவிடும். பழையபடி அது அவளுக்கும் மண்ணுக்குள் கிடப்பவளுக்கும் மட்டுமாகிவிடும். போனுக்குள் ஒரு பச்சைக் குழந்தை சிணுங்கியது. அடேயப்பா, எவ்வளவு உரத்த தொண்டை! கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள் ஒருநாளும் அப்படி அழுததில்லை. பூனைக்குட்டி மாதிரித்தான் ஒரு சத்தம். செத்துப்போச்சு என்று தன் வாயாலேயே எப்படிச் சொல்வாள்? அவள் இதுவரைக்கும் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை.

"இருக்கிறா," என்றாள். "ஒராள் இருக்கிறா. சுகமா இருக்கிறா."

"ஆற்றை பிள்ளை?"

"என்ரை பிள்ளை."

"அட! அப்ப சொந்தப் பிள்ளையின்ரை பேரையோ போட்டனீங்கள்! இப்ப எவ்வளவு வளந்திட்டா?"

"பிடிச்சுப் பிடிச்சு நடக்கிறா. ரெண்டு பல்லு முளைச்சிட்டுது." எங்கிருந்துதான் வந்ததோ, தங்கு தடையில்லாமல் வந்தது. "தேப்பன்ரை மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், வாசலுக்குத் தவண்டு ஓடிடுவா."

"கடவுளே, கேக்கவே ஆசையாக் கிடக்கு. நாங்களும் அந்தப் பேரை வைச்சால் உங்களுக்கு மனவருத்தம் இல்லையோ தங்கச்சி?"

சுபாஜினி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"இல்லை அக்கா. வையுங்கோ. நெடுக அந்தப் பேராலையே கூப்பிடுங்கோ."

"அப்ப உங்கடை ஆளிட்டை ஒருக்காப் போனைக் குடுங்கோவன். ரெண்டு துலஜினியும் கதைக்கட்டும்."

சுபாஜினி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே விரித்த கட்டில், மூலையில் காயப்போட்ட வெங்காயம், வேறொன்றும் இல்லை.

"அவ நித்திரை அக்கா."

"ஐயோ, அப்ப எழுப்பாதேங்கோ, பாவம்."

"இல்லை, எழுப்பேல்லை," என்றாள். அவளுடைய குரல் தானாகவே தணிந்துவிட்டது. அதற்குப் பிறகு றொசாந்தி கேட்டதற்கெல்லாம் இரகசியம் பேசுகிற மாதிரியே பதில் சொன்னாள். பேசிக்கொண்டே போய் அறைக்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அப்போது வெளியே கேற் கிறீச்சிட்டது. சாப்பாட்டு நேரத்துக்கு வந்த லக்ஷன், மோட்டார்சைக்கிளை உறுமவிட்டபடி முற்றத்துக்குள் ஏற்றினான். "சுபா, அதை அழிச்சிட்டன்" என்று சொல்ல வாயெடுத்தவன், வாசலில் அவள் நின்ற கோலத்தைக் கண்டான். ஒரு கையில் போன் காதோடு இருந்தது. மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்து, சாத்திய அறைக்கதவைக் கண்ணால் காட்டினாள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் "துலஜினி, என்ரை துலஜினிக்குட்டி" என்று யாரையோ கொஞ்சுவது முற்றம் வரைக்கும் கேட்டது. லக்ஷன் அறைக்கதவைப் பார்த்தான். பிறகு குனிந்து, எஞ்சினை நிற்பாட்டினான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டார்சைக்கிளை மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு மாமரத்தடிக்குப் போனான்.